திரைப்படமும் சுவையுணர்வும்

திண்டுக்கல் நகருக்கு அப்பெயரைத் தந்தது அங்கு ஓங்கி நிற்கும் மொட்டைப் பாறையே ஆகும். திண்டினைப் போன்ற வடிவுடைய கல் ஆதலின், அது திண்டுக்கல் எனப் பெயர் பெற்றது என்பர். சுற்றிலும் பரந்து கிடக்கும் சமவெளியில் பல திசைகளிலிருந்து வருவோர்க்கும் அப்பாறை தொலைவிலேயே தென்படும். ஆயினும், வேடசந்தூர் வழியாக வடக்கேயிருந்து வருபவர் காணும் வடிவம் ஒன்று. நத்தம் சாலை வழியாகக் கிழக்கேயிருந்து வருபவர் காணும் வடிவம் மற்றொன்று. பாறை ஒன்றே, காண்பவர் நிற்கும் இடமே வேறு. கலைப்பொருள்களைக் கண்டு மகிழ்வதிலும் இவ்வுண்மை பொருந்தும். அக்கலைகளுள் இக்காலத்து மக்களின் உள்ளத்தை மிகுதியாகக் கவர்ந்திருப்பது திரைப்படக் கலை. ஆதலின், சுவையுணர்வின் இயல்பை அதன் வாயிலாகவே ஆராய்தல் எளிதாகும்.

ஒரு குடும்பத்தார் நால்வர் ஒரே நாளில், ஒரே கொட்டகையில், ஒரே படத்தைக் கண்டு வீடு திரும்புகின்றனர் எனக் கொள்க. பாட்டனார், "பாட்டு நன்றாக இல்லை" என்று வருந்துகிறார். தாய், கதையில் வரும் மகளின் துயரை எண்ணிக் கண் கலங்குகிறார். மூத்த மகன் சண்டைக் காட்சிகளைப் புகழ்ந்து ஓயவில்லை. இளைய மகளோ நகைச்சுவைப் பகுதியைத் தவிரப் பிறவற்றில் தூங்கிவிட்டதாகச் சொல்கிறாள். நால்வர் கண்டதும் ஒரே படந்தான். நால்வர் கொண்டதும் வெவ்வேறு. இதுவரையில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால், "இதை விரும்பாத உனக்குச் சுவை என்பதே தெரியாது" என்று ஒருவர் மற்றவரை இகழத் தொடங்கும்போது இன்பத்திற்காகக் கண்ட படம் பகைக்குக் காரணமாகிறது. பள்ளியிலும் இத்தகைய பூசல்களால் நட்பு முறிவது உண்டு. இகழ்ச்சிக்கு அஞ்சித் தமக்குப் பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லவே தயங்கும் மாணவர்களும் உளர். ஆகவே, விருப்பம் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்துகொள்ளுதல் பயனற்ற ஆராய்ச்சி அன்று.

இதனைத் தமிழ்நாட்டு இலக்கண நூலார் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நுணுகி ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. சிரிப்பு, அழுகை, இழிப்பு, வியப்பு, அச்சம், பெருமிதம், சினம், மகிழ்ச்சி என்னும் எட்டு உணர்வுகளும், அவை தோன்றுதற்குரிய காரணங்களும் அவ்வியலில் வகுத்துரைக்கப்பட்டுள்ளன. அதற்கு உரை கண்ட பேராசிரியர், சுவை பிறக்கும் முறையை நான்கு படிகளாக விளக்குவர். சுவைக்கப்படும் பொருள் ஒன்று. அதனைக் கண், செவி முதலிய பொறிகள் உணர்தல் இரண்டு. அவ்வுணர்ச்சியால் உள்ளத்தில் குறிப்பு எழுதல் மூன்று. அக்குறிப்புக் கண்ணீராகவும், மயிர்ச்சிலிர்ப்பாகவும், நடுக்கமாகவும் உடலில் வெளிப்படுதல் நான்கு. இந்நான்கனுள் முதலாவது மட்டுமே திரையில் இருப்பது. ஏனைய மூன்றும் காண்பவரிடத்தே நிகழ்வன. எனவே, ஒரு படத்தின் இன்பத்தில் அதனை எடுத்தவர்க்கு உள்ள பங்கினைப் போலவே, பார்ப்பவர்க்கும் ஒரு பங்கு உண்டு என்பது பெறப்படும்.

பார்ப்பவர் அளிக்கும் அப்பங்கு எல்லாரிடத்தும் ஒரு தன்மையாய் இராமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதலாவது பிறவி இயல்பு. தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்க நாட்டில் வேறொரு செய்தி வெளியாயிற்று. ஆர்தர் ஃபாக்ஸ் என்னும் வேதியியல் அறிஞர் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளைக் கையாண்டபோது அதன் தூள் காற்றிற் பரவியது. உடனிருந்தவர், "மிகவும் கசக்கின்றதே!" என்றார். ஃபாக்ஸ் அவர்களுக்கோ கசப்புச் சிறிதும் தோன்றவில்லை. பின்னர்ப் பலரிடத்துச் சோதித்தபோது, அப்பொருள் சிலர்க்குக் கடுங்கசப்பாகவும், சிலர்க்குச் சுவையற்றதாகவும் இருப்பது புலனாயிற்று. இவ்வேறுபாடு பெற்றோர் வழி வருவது என்றும் பின்னர்த் தெளிந்தனர். நாவிற்கே இவ்வளவு வேறுபாடு உண்டெனின், உள்ளத்திற்குச் சொல்ல வேண்டுவதில்லை. அச்சமூட்டும் காட்சியை ஒருவர் விரும்பிக் காண்பதும், மற்றொருவர் கண்ணை மூடிக்கொள்வதும் அவரவர் இயல்பின்பாற்பட்டன. அவற்றுள் ஒன்று உயர்வு, மற்றொன்று தாழ்வு என்று கொள்ளுதல் தவறு.

இரண்டாவது காரணம் பழக்கம். பேசும்படம் தோன்றுவதற்கு முன் தமிழ் மக்கள் மேடை நாடகங்களில் திளைத்திருந்தனர். அந்நாடகங்களில் பாட்டே உயிராக விளங்கியது. ஆதலின், தொடக்காலப் படங்களிலும் பாட்டை மக்கள் எதிர்நோக்கினர். 1934ஆம் ஆண்டில் வெளிவந்த 'பவளக்கொடி' என்னும் படத்தில் ஏறத்தாழ ஐம்பது பாடல்கள் இடம் பெற்றன. அப்படத்தில் அறிமுகமான எம். கே. தியாகராஜ பாகவதர், 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தில் நடித்துப் பெரும்புகழ் பெற்றார். சென்னையில் ஒரே கொட்டகையில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

பழகிய சுவையின் வலிமை எத்தகையது என்பதற்கு 1954ஆம் ஆண்டில் வெளிவந்த 'அந்த நாள்' சிறந்த சான்றாகும். ஏ. வி. எம். நிறுவனம் எடுத்த அப்படத்தை எஸ். பாலசந்தர் இயக்கினார், சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்தனர். இரண்டாம் உலகப் போரின்போது சென்னையில் நிகழும் ஒரு கொலையைப் பற்றிய கதை அது. கொலையைக் குறித்து ஒவ்வொருவரும் தத்தம் நோக்கில் ஒரு வரலாறு உரைப்பர். அப்படத்தில் ஒரு பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. அறிஞர்கள் அதனைப் பாராட்டினர். தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. எனினும், பாட்டினை எதிர்நோக்கிச் சென்ற மக்கள் பலர் ஏமாற்றமுற்றனர். வருவாயும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. காலம் செல்லச் செல்ல, தமிழ்ப் படங்களின் வரலாற்றில் அதற்குத் தனி இடம் அமைந்தது. படம் மாறவில்லை, பார்ப்பவர் கண் மாறியது.

பழக்கம் விருப்பத்தை வளர்க்கும் என்பதை இக்கால உளவியலாரும் ஆய்ந்து காட்டியுள்ளனர். 1968ஆம் ஆண்டில் ராபர்ட் ஜயான்ஸ் என்னும் அறிஞர் தம் சோதனைகளை வெளியிட்டார். பொருள் விளங்காத சொற்களையும் எழுத்துகளையும் சிலவற்றைப் பன்முறையும், சிலவற்றை ஓரிரு முறையும் அவர் மக்களுக்குக் காட்டினார். பன்முறை கண்டவற்றையே மக்கள் நல்லவை என மதித்தனர். திண்டுக்கல் சமவெளிச் சிற்றூர்களில் இதனை அறியச் சோதனைக்கூடம் வேண்டுவதில்லை. திருமண வீட்டிலும், கோவில் திருவிழாவிலும், தேநீர்க் கடையிலும் கூம்பு ஒலிபெருக்கியில் நாள்தோறும் கேட்ட பாட்டு, முதல் நாள் பிடிக்காதிருந்தும் பத்தாம் நாள் தானே வாயில் வந்து நிற்கும். முற்காலத்தில் 'டூரிங் டாக்கீஸ்' எனப்பட்ட ஊர்ப்புறக் கொட்டகைகளில் மணல் தரையில் அமர்ந்து படம் கண்ட உழவர்களுக்கு, ஆட்டம் தொடங்குமுன் ஒலித்த பாட்டே அழைப்பு மணியாக இருந்தது. அப்பாட்டைப் பின்னாளில் எங்குக் கேட்டாலும் அவர்கள் உள்ளம் குளிர்வதற்கு அதன் இசை மட்டும் காரணம் அன்று.

இதனால் மூன்றாவது காரணமும் விளங்கும். அது பருவம். பட்டிமண்டபம் தமிழர்க்குப் பழமையானது. மணிமேகலைக் காப்பியத்திலேயே அது குறிக்கப்பட்டுள்ளது. பட்டிமன்றம் என்னும் பெயரால் இன்றும் வாழும் அவ்வழக்கத்தில், ஆசிரியராக விளங்கிய திண்டுக்கல் ஐ. லியோனி ஒரு புதுமையைச் செய்தார். திரைப்பாடல்களுள் சிறந்தவை பழையனவா, புதியனவா என்பது போன்ற தலைப்புகளில் அவர் நடுவராக இருந்து நடத்திய பட்டிமன்றங்கள் தமிழ்நாடெங்கும் கேட்கப்பட்டன. அவ்வழக்கு என்றும் தீர்வதில்லை. தீராமைக்குக் காரணத்தை 1989ஆம் ஆண்டில் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒருவாறு காட்டினர். பல வயதினர்க்கும் பல ஆண்டுகளின் பாடல்களைக் கேட்பித்து, எவை மிகவும் பிடிக்கின்றன என வினவினர். ஒருவர்க்கு ஏறத்தாழ இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது நடந்தபோது புகழ் பெற்றிருந்த பாடல்களே அவர்க்கு மிகவும் இனித்தன. எனவே, பாட்டனார் பழைய பாட்டைப் புகழும்போது, அவர் தம் இளமையையும் சேர்த்தே புகழ்கிறார். பேரனும் ஒரு நாள் அவ்வாறே செய்வான். இதனை இருவரும் உணர்ந்தால், ஒருவரை ஒருவர் எள்ளுதற்கு இடமில்லை.

நான்காவது காரணம் சேர்க்கை. மனிதன் தனியே வாழ்பவன் அல்லன். தன் கூட்டத்தார் விரும்புவதைத் தானும் விரும்பத் தலைப்படுகிறான். ஒரு காலத்தில் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் எம். ஜி. ஆர். விருப்பினர் என்றும், சிவாஜி விருப்பினர் என்றும் மக்கள் பிரிந்து நின்றனர். படத்தைக் காணுமுன்னரே அது நன்று அல்லது தீது என்று தீர்ப்பளிப்போரும் இருந்தனர். நடிகர்மீது கொண்ட பற்று கொட்டகையின் எல்லையைக் கடந்து செல்லும் என்பதற்குத் திண்டுக்கல் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1972ஆம் ஆண்டு அக்டோபரில் எம். ஜி. ஆர். புதிய கட்சியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அவர் நடித்து இயக்கிய 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளிவந்தது. அதே மாதத்தில் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் நடைபெற்ற இடைத்தேர்தலில் அக்கட்சி தன் முதல் வெற்றியைப் பெற்றது. அவ்வெற்றிக்குக் காரணங்கள் பலவாயினும், திரையில் வளர்ந்த அன்பும் அவற்றுள் ஒன்று என்பதை வரலாற்று ஆசிரியர் பலரும் ஏற்பர்.

சேர்க்கையின் ஆற்றலை அளந்து கண்ட ஆய்வும் உண்டு. சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்னும் மூவர் 2006ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். பலரும் அறியாத 48 பாடல்களை இணையத்தின் வழியே பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கேட்கச் செய்தனர். சிலர்க்குப் பாடல்கள் மட்டுமே காட்டப்பட்டன. ஏனையோரைப் பல குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு பாட்டையும் தம் குழுவில் எத்தனை பேர் எடுத்துக்கொண்டனர் என்னும் கணக்கையும் உடன் காட்டினர். கணக்கைக் கண்ட குழுக்களில், முன்னே நின்ற பாட்டு மேலும் முன்னேறியது. ஒரு குழுவில் முதலிடம் பெற்ற பாட்டு மற்றொரு குழுவில் பின்தங்கியதும் உண்டு. படம் வெளிவந்த முதல் நாளிலேயே அதன் வருவாய்க் கணக்கைப் பேசும் இக்காலத்தார் இதனைச் சிந்தித்தல் நன்று. கூட்டம் பெரிது என்பது கூட்டத்தின் அளவையே காட்டும். கலையின் அளவை அன்று.

ஆயினும், அவ்வாய்வு மற்றோர் உண்மையையும் உணர்த்தியது. மிகச் சிறந்த பாடல்கள் எக்குழுவிலும் பெரும்பாலும் கடைநிலைக்குச் செல்லவில்லை. மிகத் தாழ்ந்தவை பெரும்பாலும் முதல்நிலைக்கு வரவில்லை. எனவே, சுவை அவரவர் மனத்தைப் பொறுத்ததே. நன்று தீது என்பதே இல்லை என்று முடிவு கட்டிவிடுதலும் பொருந்தாது. இவ்விடத்தில் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் டேவிட் ஹியூம் 1757ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் எடுத்தாண்ட ஒரு கதை நினைக்கத் தக்கது. அக்கதை செர்வாண்டிஸ் என்னும் ஸ்பானிய ஆசிரியர் எழுதிய 'டான் குயிக்சோட்டு' என்னும் நூலில் உள்ளது.

ஒரு பீப்பாயில் இருந்த பழைய திராட்சை மதுவைச் சோதித்துச் சொல்லுமாறு இருவரை அழைத்தனர். ஒருவர் சிறிது சுவைத்து, "நன்றாக உள்ளது, ஆனால் தோலின் மணம் சற்றே வீசுகிறது" என்றார். மற்றவர், "நன்றாக உள்ளது, ஆனால் இரும்பின் சுவை சற்றே தெரிகிறது" என்றார். கூடியிருந்தோர் இருவரையும் நகைத்தனர். பீப்பாய் காலியான பின் பார்த்தால், அதன் அடியில் தோற்கயிறு கட்டிய பழைய சாவி ஒன்று கிடந்தது!

பூட்டுத் தொழிலாலும், தோல் பதனிடும் தொழிலாலும் பெயர் பெற்ற திண்டுக்கல்லில் இக்கதையின் நுட்பம் எளிதில் விளங்கும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கையால் பூட்டுச் செய்யும் கைவினைஞர், சாவி பொருந்தாமல் தடைப்படும் இடத்தைப் புதியவர் அறியுமுன் அறிந்துவிடுவார். அவ்வறிவு நீண்ட நாள் பழகியதனால் வந்தது. அவ்வாறே பல படங்களைக் கூர்ந்து கண்டவர், கதை தடைப்படும் இடத்தையும், நடிப்பு மிகையாகும் இடத்தையும், இசை உணர்ச்சியோடு ஒன்றும் இடத்தையும் உணர்கிறார். சுவையுணர்வு பிறவியால் வருவது மட்டும் அன்று. பயிற்சியாலும் வளர்வது என்பது இதனாற் பெறப்படும்.

கதையில் மற்றொரு கருத்தும் அடங்கியுள்ளது. தோல் என்றவர் கூற்றும் மெய். இரும்பு என்றவர் கூற்றும் மெய். ஆனால், ஒருவர் கூற்றை மட்டும் கொண்டு பீப்பாயில் கிடந்த பொருள் இன்னதென்று அறிதல் இயலாது. இரண்டையும் ஒருங்கு சேர்த்தபோதுதான் தோற்கயிறு கட்டிய சாவி முழுமையாகத் தெரியும். முன்னர்க் கூறிய குடும்பத்தாரும் அத்தகையோரே. பாட்டனார் இசையின் குறையைக் கண்டார். தாய் கதையின் துயரைக் கண்டார். மகன் காட்சியின் விரைவைக் கண்டான். மகள் நகைச்சுவையைக் கண்டாள். நால்வரும் ஒருவர் சொல்லை ஒருவர் பொறுமையுடன் கேட்டால், நால்வர்க்கும் அப்படம் முன்னினும் முழுமையாக விளங்கும்.

இவற்றால் மாணவர் மனத்திற் கொள்ள வேண்டுவன சில உண்டு. 'எனக்குப் பிடித்தது' என்பதும், 'இது சிறந்தது' என்பதும் ஒரே பொருளுடைய தொடர்கள் அல்ல. முன்னது ஒருவர் தம் உள்ளத்தைப் பற்றிக் கூறும் செய்தி. அதற்குச் சான்று வேண்டுவதில்லை. அதனை மறுக்கவும் பிறர்க்கு உரிமை இல்லை. பின்னது பொருளைப் பற்றிக் கூறும் தீர்ப்பு; அதற்குக் காரணம் காட்டுதல் கடமை. கலைநயம் குறைந்த ஒரு படம் ஒருவர்க்கு மிகவும் பிடித்திருக்கலாம். அதற்காக அவர் நாண வேண்டுவதில்லை. யாவரும் போற்றும் ஒரு படம் ஒருவர்க்குப் பிடிக்காமற் போகலாம். அதற்காகப் பிடித்தது போல நடிக்கவும் வேண்டுவதில்லை. இவ்விரண்டையும் வேறு பிரித்து உணர்பவர், வீண் சொற்போரினின்றும் தம்மைக் காத்துக்கொள்வர்.

பழகிய சுவை ஒன்றிலேயே நின்றுவிடுதலும் கூடாது. நாடோறும் ஒரே உணவை உண்பவர்க்கு மற்றைய உணவின் அருமை தெரியாது. வேறு காலத்துப் படங்களையும், வேறு மொழிப் படங்களையும் இடையிடையே காணுதல் வேண்டும். முதல் முறை கசப்பதாகத் தோன்றும் ஒன்றை மறுமுறையும் பொறுமையாகக் கண்டு, பின்னரே முடிவு செய்தல் வேண்டும். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 'அன்பே சிவம்' அக்காலத்தில் பெரிய வருவாயைப் பெறவில்லை. பின்னர் வந்த தலைமுறையினர் அதனைத் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் கண்டு போற்றினர். முதல் நாள் தீர்ப்பே முடிந்த தீர்ப்பாயின், அப்படம் என்றோ மறக்கப்பட்டிருக்கும்.

ஒருவர்க்கு எது பிடிக்கும் என்பதைப் பிறப்பும், பழக்கமும், பருவமும், சேர்க்கையும் பெரும்பாலும் வகுத்துவிடுகின்றன. ஆனால், அவற்றை அறிந்துகொண்டவர் அவற்றுக்கு அடிமை ஆகார். தம் விருப்பத்தைத் தயங்காது கூறவும், அதன் காரணத்தை ஆராயவும், பிறர் விருப்பத்தை மதித்துக் கேட்கவும் அவர்க்கு இயலும். ஒரு படத்தைப் பற்றிப் பேசும்போது பழகும் இப்பண்பு, நாட்டின் பெரிய செய்திகளைப் பற்றிப் பேச வேண்டிய பருவம் வரும்போது உறுதுணையாக நிற்கும்.